திருவள்ளூர்க் குளமும் தீராத நோய்களும்

அமாவாசைதோறும், அதிலும் தை அமாவாசையன்று, திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோவிலில் கூடுகின்ற கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு நாம் அதிகம் சொல்லவேண்டியதில்லை. மருவும் கட்டியும் உள்ளவர்கள் வெல்லத்தைக் குளத்தில் கரைப்பதும், உப்பையும் மிளகையும் காணிக்கையாகக் கொட்டுவதும் அங்கு வெகுகால வழக்கமாகும். வெல்லம் தண்ணீரில் கரைவதுபோல் உடம்பிலுள்ள கட்டியும் கரையுமாம். மூன்று அமாவாசை தொடர்ந்து வந்தால் வயிற்று வலியும் ஜுரமும்கூடத் தீருமாம். இதற்காகவே அந்தச் சாமிக்கு "வைத்திய வீரராகவர்" என்கிற பட்டமும் வழங்கி வருகின்றது.

முதலில் ஊரின் பெயரை எடுத்துக்கொள்வோம். சாலிஹோத்திரர் என்னும் முனிவர் விரதமிருந்து, மாவைப் பக்குவம் செய்து வைத்துக்கொண்டு விருந்தாளிக்காகக் காத்திருந்தாராம். கடவுள் கிழவர் வேஷத்தில் வந்து அதைச் சாப்பிட்டார். பசி அடங்கவில்லை என்று முனிவரின் பங்கையும் சாப்பிட்டார். பிறகு, "படுத்துக்கொள்ள எவ்வுள்?", அதாவது எந்த அறை என்று கேட்டாராம். அந்த எவ்வுள்தான் திரு எவ்வுள்ளூராகி, திருவள்ளூராக முடிந்தது என்பது ஸ்தல புராணம். எங்கும் நிறைந்தவருக்குப் படுக்க இடம் கேட்கவேண்டிய அவசியம் என்ன என்று நாம் கேட்டால் நாஸ்திகம் என்பார்கள். அது போகட்டும். பசித்த கிழவனுக்குத் தன் சோற்றையும் கொடுத்துவிட்டு, தன் குடிசையையும் காட்டிய அந்த மனிதனைப்பற்றி நமக்கு யாதொரு ஆட்சேபணையும் இல்லை.

ஆனால் ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் விடமுடியாது. சாலிஹோத்திரர் என்கிற அதே பெயரால் வடமொழியில் ஒரு பழைய வைத்திய நூல் வழங்கி வருகிறது. அது குதிரை வைத்திய நூல்! குதிரைக்கு நோய் வந்தால் மருந்தும் பத்தியமும் சொல்ல ஒரு முனிவர் பெயர் இருக்கிறது. மனிதனுக்கு வந்தால் மட்டும் வெல்லமும் முழுக்குமா?

குளத்தின் பெயர் ஹிருத்தாபநாசினி. இருதயத்தின் தாபத்தை நாசம் செய்வது என்று பொருள். இந்த அளவுக்கு நாம் அதை மறுக்கவில்லை. மனக்கஷ்டப்பட்டவன் வீட்டைவிட்டு நாலு பேரோடு ரயிலேறி வந்து, குளிர்ந்த தண்ணீரில் முழுகி எழுந்தால் மனம் சற்று லேசாகத்தான் ஆகும். அதற்குக் குளமே வேண்டும் என்பதில்லை; ஏரியும் போதும்.

இது நமது நாட்டாரின் தனிப் புத்தி என்றும் எண்ணவேண்டாம். பசிபிக் மகா சமுத்திரத்தில் ஹாவாய்த் தீவுகளில் வைகிகிக் கடற்கரையின் ஒரு பகுதிக்குக் கவேஹேவேஹே என்று பெயர். அதற்கு "நீக்குதல்" என்று அர்த்தம். அங்கே முற்காலத்தில் நோயாளி கடற்பாசி மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நீரில் இறங்கி, தன் குற்றம் மன்னிக்கப்பட வேண்டுமென்று அம்மாலையைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு வருவானாம். மாலை மிதந்து போவதுபோல் பாவமும் நோயும் போகும். அவனுக்குக் கடற்பாசி, நமக்கு வெல்லம். அங்கே "நீக்குதல்", இங்கே "நாசினி". இருவரும் ஒருவரையொருவர் கண்டதுமில்லை, கேட்டதுமில்லை. கடவுளும் புராணமும் வேறு வேறாக இருக்க, நம்பிக்கை மாத்திரம் ஒரே அச்சாக இருக்குமானால், அது கடவுள் கற்பித்ததா, பயந்த மனிதன் தானே கற்பித்துக்கொண்டதா என்பதை வாசகர்களே யோசித்துப் பார்க்கட்டும்.

"அப்படியானால் எத்தனையோ பேருக்கு மரு உதிர்ந்திருக்கிறதே?" என்பார்கள். உதிர்ந்தது வாஸ்தவமே. மருவும் பாலுண்ணியும் வைரஸ் என்னும் நுண்கிருமியால் வருகின்றவை. குழந்தைகளுக்கு வரும் மருக்களில் பெரும்பாலானவை ஓரிரண்டு வருஷத்தில் யாதொரு வைத்தியமும் இன்றித் தாமே மறைந்துவிடும். பாலுண்ணியும் அப்படியே. வெல்லம் கரைத்தவனுக்கும் போகும், கரைக்காதவனுக்கும் போகும். கரைத்தவன் ஊரெல்லாம் சொல்லுவான்; கரைக்காதவன் மறந்துவிடுவான். கரைத்தும் போகாதவனோ, தன் பக்தியில்தான் குறை என்று வாயை மூடிக்கொள்ளுவான். இதுதான் இந்த வைத்தியத்தின் இரகசியம். பிரான்சு தேசத்து லூர்து ஊற்றுக்கு 1858 முதல் கோடிக்கணக்கான பேர் போய் வந்திருந்தும், அவர்கள் மதத் தலைவர்களே அற்புதம் என்று ஒப்புக்கொண்டது எழுபதுக்குச் சற்று மேல்தான்.

மரு தானே போகும். எல்லாம் அப்படிப் போகாது. உணர்ச்சியற்ற தேமல் ஒன்று தோலில் தோன்றினால் அது குஷ்டத்தின் ஆரம்பமாக இருக்கலாம். ஆறு மாதமோ ஒரு வருஷமோ மாத்திரை சாப்பிட்டால் அது குணமாகிவிடும். மாத்திரையை அரசாங்கமே இனாமாகக் கொடுக்கிறது. மூன்று அமாவாசை, பிறகு இன்னொரு மூன்று அமாவாசை என்று காத்திருந்தால் நரம்பு கெட்டு, விரல் மடங்கிப் போகும். மடங்கிய விரலை எந்தத் தீர்த்தமும் நிமிர்த்தாது.

இதே ஜில்லாவில்தான் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையும் இருக்கிறது. இரும்பு, ரசாயனம், சாயம் என்று பலவித ஆலைகளில் வேலை செய்யும் தோழர்களுக்குக் கையிலும் முழங்கையிலும் சொறி வந்தால் அதற்குக் காரணம் பூர்வ ஜென்மத்தில் இல்லை. எண்ணெயிலும், நிக்கல், குரோமியம் போன்ற உலோகங்களிலும், கையுறை கொடுக்காத முதலாளியினிடத்திலும் இருக்கலாம். ரசாயனங்களும் வர்ணங்களும் பட்டு வரும் தோல் நோயை 1948-ஆம் வருஷத்திய தொழிற்சாலைச் சட்டமே தொழில் நோய் அட்டவணையில் சேர்த்தது. நிர்வாகம் அதை அரசாங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் விதித்தது. தொழிலாளி வைத்தியரிடம் போனால் காகிதத்தில் ஒரு வரி விழும், ஆலை பதில் சொல்லவேண்டி வரும். குளத்துக்குப் போனாலோ அவனுடைய வினைதான் பதில் சொல்லவேண்டும். இதில் இலாபம் யாருக்கு?

தண்ணீரைப்பற்றியும் ஒரு வார்த்தை. 1884-இல் கோக் என்னும் ஜெர்மானிய வைத்தியர், ஜனங்கள் குளித்தும் துவைத்தும் குடித்தும் வந்த கல்கத்தாக் குளமொன்றின் தண்ணீரில்தான் காலராக் கிருமியைக் கண்டார். வெல்லமும் பாலும் தண்ணீரில் கரைந்தால் அவற்றைத் தின்று பெருகும் கிருமிகள் நீரிலுள்ள பிராணவாயுவைக் குடித்துவிடும். மீன் சாகும், தண்ணீர் நாறும். நோயாளியின் நோய் நாசமாகிறதோ இல்லையோ, குளம் நாசமாவது நிச்சயம். இதே ஜில்லாவில் 1944-இல் கட்டிய பூண்டி நீர்த்தேக்கத்தின் தண்ணீரும் மனிதர் குடிப்பதற்குத்தான். அதை மந்திரம் சொல்லி அனுப்புவதில்லை; வடிகட்டி, குளோரின் கலந்து அனுப்புகிறார்கள்.

ஆகவே கோவில் நிர்வாகிகளையும் அரசாங்கத்தாரையும் நாம் கேட்டுக்கொள்வது இரண்டே. மாதம் ஒருமுறை குளத்துத் தண்ணீரைச் சோதித்து, கண்டதைப் படித்துறைத் தூணில் தமிழில் எழுதி ஒட்டட்டும். அமாவாசையன்று, உப்பும் மிளகும் விற்கும் கடைகளுக்குப் பக்கத்தில், ஒரு தோல் வைத்தியரை மேஜை போட்டு உட்கார வைக்கட்டும். முழுகப் போகிறவர்கள் போகட்டும்; போகுமுன் கையை அவரிடம் ஒருதரம் நீட்டிவிட்டுப் போகட்டும்.