வயித்து வலி எல்லாம் அல்சர் இல்லீங்க

இந்த வாரம் குச்சிக்கிழங்கு வெட்டு பத்தி எழுதலாம்னு இருந்தேன். அதைவிட முக்கியமான ஒண்ணு இருக்கு.

எங்க அண்ணன் பையனுக்கு 15 வயசுல வயித்து வலி வந்தது. மேல்வயித்துல குத்தி முதுகு வரைக்கும் இழுக்கும். குடலேத்தம்னு எண்ணெய் போட்டு வழிச்சோம். நானே ஓமத்தண்ணி வெச்சுக் குடுத்தேன். அப்புறம் 4 வருஷம் அல்சர் மாத்திரை. ஆள் இளைச்சுக்கிட்டே போனான்.

கடைசியா ஒரு டாக்டர்தான் "மலம் எப்படிப் போகுது?"ன்னு கேட்டார். எண்ணெய் மிதக்குது, ரொம்ப நாத்தம்னு கூச்சத்தோட சொன்னான். எக்ஸ்ரேயிலயே கணையத்துல கல்லு தெரிஞ்சது. சர்க்கரையும் வந்திருந்தது.

கணையம்னதும் "குடிச்சிருப்பான்"னு ஊர் பேசிச்சு. அண்ணனே கையை ஓங்கிட்டார். "சித்தப்பா, நீங்களாச்சும் நம்புங்க"ன்னு அழுதான்.

டாக்டர்தான் விளக்கினார். குடிக்காத சின்ன வயசுக்காரங்களுக்கும் வர்ற கணைய அழற்சி இது. 1959ல் இந்தோனேசியாவில் சூய்டெமா என்ற டாக்டர் இதைப் பற்றி எழுதினார். கேரளாவில் டாக்டர் கீவர்கீஸ் நிறைய நோயாளிகளைப் பார்த்துப் பதிவு செய்தார். குச்சிக்கிழங்கில் இருக்கிற சயனைடுதான் காரணம்னு ரொம்ப காலம் சந்தேகப்பட்டாங்களாம். கிழங்கு போட்டுப் பிழைக்கிற எனக்குப் பக்குன்னு ஆச்சு. பின்னாடி வந்த ஆய்வுகள் அதை உறுதி செய்யலை. கிழங்கே திங்காதவங்களுக்கும் வருது. பல பேருக்கு ஸ்பிங்க்-1 என்கிற மரபணுவில் மாற்றம் இருக்காம்.

இப்ப அவன் சாப்பாட்டோட சேர்த்து செரிமான நொதி கேப்சூல் எடுத்துக்கறான், இன்சுலினும் போடறான். கல்லை அதிர்வலையால் உடைத்து எண்டோஸ்கோப்பி வழியாக எடுக்கலாம், தேவைப்பட்டா ஆபரேஷன்னு சொல்லியிருக்காங்க. வலி குறைஞ்சிருக்கு, எடையும் கொஞ்சம் ஏறியிருக்கு. ஆனா கெட்டுப்போன கணையம் பழையபடி ஆகாது. அந்த 4 வருஷம்தான் மனசை அறுக்குது.

என் கருத்து இதுதான். மாடு கழிஞ்சா அன்னைக்கே டாக்டரைக் கூப்பிடறோம். பெத்த புள்ளைகிட்ட அதையே கேக்கக் கூச்சப்படறோம். வலி திரும்பத் திரும்ப வந்து, எடையும் குறைஞ்சா, அல்சர் மாத்திரையோட நிக்காதீங்க. "கணையத்தையும் பாத்துடுங்க, ஸ்கேன் எடுக்கலாமா?"ன்னு டாக்டர்கிட்ட வாய் விட்டுக் கேளுங்க. படிக்காதவன் கேக்கறானேன்னு யாராச்சும் நினைச்சா நினைச்சுட்டுப் போறாங்க.

அப்புறம், குடிச்சியான்னு கையை ஓங்கறதுக்கு முன்னாடி, எங்க வலிக்குதுன்னு கேளுங்க.

கிழங்கு வெட்டு அடுத்த வாரம்ங்க.