பைக் ரெடி. நாம ரெடியா?

கடைசி செமஸ்டர் வந்தாச்சு. உங்க வாட்ஸ்அப்ல ஒரு லடாக் குரூப் கண்டிப்பா ஓடிக்கிட்டு இருக்கும். எங்களுக்கும் இருக்கு. ஜாக்கெட் கலர் வரைக்கும் முடிவாயிடுச்சு.

போன மாசம் டிரையல் பார்க்கலாம்னு ஆவடியில இருந்து ஊத்துக்கோட்டை வழியா நாகலாபுரம் கிளம்பினோம். ஊத்துக்கோட்டை தாண்டினதும் ஒரு வண்டிக்குப் பின் டயர் பஞ்சர். ஸ்போக் வீல், டியூப் டயர். நாங்க நாலு பேருமே மெக்கானிக்கல். ஓட்டோ சைக்கிளைக் கண்ணை மூடிக்கிட்டு வரைவோம். பின் சக்கரத்தைக் கழட்ட ஒருத்தனுக்கும் தெரியல. வெயில்ல தள்ளிக்கிட்டே போனோம். எனக்குத் தலை சுத்துச்சு. கலாய்ப்பாங்கன்னு வாயைத் திறக்கல.

அன்னைக்குத்தான் ஒண்ணு புரிஞ்சுது. வண்டியைப் பத்திக் கவலையே வேண்டாம். நம்ம ஆவடி தொழிற்சாலையில செய்யற டி-90 டாங்கி 2020-ல கிழக்கு லடாக்ல போய் நின்னுச்சு. ஒரகடத்துல பிறந்த பைக்குகள் ஒவ்வொரு சீசனும் அந்த மலையில ஏறுது. கடல் மட்டத்துல வளர்ந்த நாமதான் ரெடியா இல்ல.

மணாலி–லே பாதையில தங்லங் லா கணவாய் சுமார் 5,300 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் சென்னையில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியில சென்சார் சொன்னதும் இசியு பெட்ரோலைக் குறைச்சுக்கும். நம்ம உடம்பு பழக நாள் கணக்கா ஆகும். அதனால 3,000 மீட்டருக்கு மேல, இரவு தூங்கும் உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல கூடக் கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் பொதுவான கணக்கு. மணாலியில கிளம்பி அன்னைக்கே சுமார் 4,300 மீட்டர்ல இருக்கிற சார்ச்சுவில் படுத்தா, இந்தக் கணக்கு மொத்தமா உடையுது. முதல் தடவை போறவங்களுக்கு ஸ்ரீநகர், கார்கில் வழியே நல்லது. ஏற்றம் மெதுவா வரும். லே போய்ச் சேர்ந்ததும் ரெண்டு நாள் சும்மா இருங்க. கர்துங் லா எங்கேயும் ஓடிடாது. மாத்திரை போடறதா இருந்தா இங்கேயே டாக்டரைக் கேட்டுட்டுப் போங்க.

இன்னும் சில விஷயம். வெளி மாநில ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது. குரூப்புல ரெண்டு பேராவது போஸ்ட்பெய்டு வச்சிருக்கணும். சிக்னல் இல்லாத இடத்துல டிஜிலாக்கரை நம்ப முடியாது. ஆர்சி, இன்சூரன்ஸ், லைசென்ஸ் எல்லாம் கையில இருக்கட்டும். மணாலி வழியா போனா, அடுத்த பங்க் 365 கிலோமீட்டர்னு போர்டு வச்சுப் பிரபலமான தாண்டி பங்க்ல டேங்கை நிரப்பாம நகராதீங்க. ரிட்டர்ன் டிக்கெட்டுக்கு முன்னாடி ரெண்டு நாள் காலியா விடுங்க. நிலச்சரிவுக்கு உங்க பிஎன்ஆர் நம்பர் தெரியாது. கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை, தெரு முனை பஞ்சர் கடை அண்ணன்கிட்ட டியூப் மாத்தக் கத்துக்கோங்க. நாலு வருஷ லேப்ல வராதது அங்கே ஒரு மணி நேரத்துல வரும்.

எல்லாத்தையும் விட முக்கியம் ஒரு ரூல். ஒருத்தனுக்குத் தலைவலி, வாந்தின்னா எல்லாரும் நிக்கணும். குறையலன்னா எல்லாரும் கீழே இறங்கணும். ஓட்டெடுப்பு கிடையாது, கலாய்க்கறது கிடையாது. மலை நோயை மறைச்சு மேலே ஏறினவங்க உயிரே போயிருக்கு. இந்தப் பேச்சை சார்ச்சுவில ஆரம்பிக்க முடியாது, அங்கே யாருக்கும் மூளை சரியா ஓடாது. பூந்தமல்லி டீக்கடையிலயே முடிச்சுக்கணும்.

நேத்து நைட்டு எங்க குரூப்ல நானே முதல்ல போட்டேன்: "அன்னைக்கு ஊத்துக்கோட்டையில எனக்குத் தலை சுத்துச்சுடா." எதிர்பார்த்த மாதிரியே கலாய்ச்சாங்க. பத்து நிமிஷம் கழிச்சு ஒருத்தன் தனியா மெசேஜ் பண்ணான்: "எனக்கும்தான் மச்சான்."