சார் ஃபங்ஷனுக்குத் தமிழ் தெரியுமா?

எக்செல்ல எண்ணைக் குடுத்தா எழுத்தைத் தர்ற ஃபங்ஷன் ஒண்ணு இருக்கு. கேர்னு சொல்றவங்களும் உண்டு, நம்ம லேப்ல அது 'சார்'தான். 65 குடுத்தா ஆங்கிலப் பெரிய 'ஏ' வரும். 10 குடுத்தா செல்லுக்குள்ளயே அடுத்த வரி. முதல் வருஷத்துல 'ஏ'ல இருந்து 'இசட்' வரைக்கும் ஒரு காலம் இழுத்து விட்டு, ரெக்கார்டுல கையெழுத்து வாங்கிட்டு வந்துடுறோம். அந்த எக்ஸர்சைஸைத் தமிழ்ல வைக்கணும்ங்கிறது என் கட்சி. மொழிப்பற்றுக்காகச் சொல்லல (நான் இங்கிலீஷ் மீடியம், என் ஸ்பெல்லிங்கை எடிட்டர் திருத்தியிருப்பாங்க). ஊர்ல அதுக்கு வேலை இருக்கு.

எக்செல்ல சார் 255 வரைக்கும்தான் எடுத்துக்கும். தமிழ் எழுத்துக்களோட யூனிகோட் எண்கள் அதைத் தாண்டி எங்கேயோ இருக்கு. அதுக்கு 2013 வெர்ஷன்ல வந்த யூனிசார் வேணும். 2965 போட்டா 'க'. கூகுள் ஷீட்ஸ்ல சாரே போதும். 'ஆரணி'க்கு 2950, 2992, 2979, 3007. மூணு எழுத்து ஊருக்கு எதுக்கு நாலு எண்? ஏன்னா 'ணி'யில 'ண' தனி, இகரக் குறி தனி. லென் போட்டாலும் 4னுதான் வரும். 'ஏ-இசட்' எக்ஸர்சைஸ்ல இந்தக் கேள்வி வரவே வராது.

ஆரணியில எங்க மாமா, பட்டுத் தறிகளுக்குப் பாவு குடுத்து சேலை வாங்குறவர்கிட்ட கணக்கு எழுதுறார். பல வருஷப் பேர் பட்டியல் பழைய தமிழ் ஃபான்ட்ல இருக்கு. அந்த ஃபான்ட் இல்லாத போன்ல திறந்தா வெறும் கிறுக்கல். உள்ள இருக்கறது ஆங்கில, ஐரோப்பிய எழுத்துக்களோட எண்கள்தான், ஃபான்ட் மேல தமிழ் முகமூடி போட்டிருக்கு. தேடினா பேர் கிடைக்காது. அகரவரிசையும் கெட்டுப்போகும். கொம்பு முதல்ல டைப் ஆகுறதால கேசவன், சேகர், தேவராஜ் எல்லாரும் இரட்டைக் கொம்புக்குக் கீழ கூட்டமா நிப்பாங்க. கமலா எங்கேயோ தனியா இருப்பாங்க. கூலி பாக்கியைத் தேடுற நெசவாளருக்கு இது சின்ன விஷயம் இல்ல.

இதைச் சரி பண்ண பெரிய சாஃப்ட்வேர் வேண்டாம். மிட் வெச்சு ஒவ்வொரு எழுத்தா பிரி. கோடு ஃபங்ஷன்ல அதோட எண்ணை எடு. பழைய எண்ணுக்கு எதிரே தமிழ் எண் இருக்கிற டேபிள்ல விலுக்கப் பண்ணு. யூனிசார்ல திருப்பி எழுத்தாக்கு. கஷ்டமான இடம் ஒண்ணுதான்: யூனிகோட்ல கொம்பு மெய்க்குப் பின்னாடி வரணும், அதனால இடம் மாத்தணும். 'கோ'வுல இன்னும் சிக்கல், கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியாக்கணும். இங்கதான் மண்டை காயும். மண்டை காயுற எக்ஸர்சைஸ்தானே லேப்புக்கு வேணும்?

யூனிகோடே தமிழுக்குச் சரியில்ல, உயிர்மெய்க்குத் தனி எண் வேணும்னு ஒரு வாதம் உண்டு. அப்படித் தனி எண் குடுக்குற டேஸ்16-ஐயும் யூனிகோடையும் சேர்த்தே 2010-ல தமிழக அரசு ஏத்துக்கிச்சு. வாதத்துல நியாயம் இருக்கு. ஆனா மாமாவோட போன் யூனிகோடைத்தான் காட்டுது.

இதுல எண் ஒண்ணும் புதுசு இல்ல. ஜக்கார்டு தறியில ஓட்டை இருக்கா இல்லையான்னு பாத்துத்தான் பாவு நூல் மேல போகும், பூ விழும். அதே ஓட்டை அட்டை 1890-ல அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புல எண்ணிக்கைக்குப் போச்சு. அட்டை பக்கத்துத் தெருவுல ஓடுது. நாம இன்னும் 65-லயே நிக்கிறோம்.

இந்த செமஸ்டர்லயே ஜூனியர்ஸ் ரெக்கார்டுல 'ஏ-இசட்' பக்கத்தை மாத்தலாம். மார்க் அதே பத்துதான்.