சந்தையில இருந்து தொடங்குவம்

'உங்கட ஊருக்கு என்ன அபிவிருத்தி வந்தது?' எண்டு ஆரும் கேட்டால் நாங்கள் உடனே காட்டுவது காபெட் றோட்டை, இல்லாட்டிப் புதுக் கட்டடத்தை. ஆனால் ஒரு சின்ன நகரம் அடுத்த நெருக்கடியைத் தாங்குமா என்பதை அவை சொல்லாது. அதை அறிய விடியக்காலமை சந்தைக்குத்தான் போக வேண்டும்.

யாழ்ப்பாணத்துச் சந்தைகளில் விவசாயி கொண்டுவரும் மரக்கறியில் நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோவைக் 'கழிவு' என்று கழிக்கும் வழக்கம் நெடுங்காலப் பிரச்சினை. நிறுத்தச் சொல்லிக் கூட்டங்களில் முடிவெடுப்பார்கள்; கொஞ்ச நாளில் அது திரும்பவும் தலைகாட்டும். நூறு கிலோ கத்தரிக்காய் கொண்டுவந்தவர் தொண்ணூறுக்குக் காசு வாங்கிக்கொண்டு வீட்டை போவார். அந்தப் பத்துக் கிலோவின் காசு அவர் கைக்கு வந்திருந்தால், பக்கத்துப் பலசரக்குக் கடைக்கும் தையல்காரருக்கும் சைக்கிள் கடைக்கும் போயிருக்கும். உள்ளூர்ப் பொருளாதாரம் எண்டு நாங்கள் பெரிசாகக் கதைக்கிறது இதைத்தான்.

'எங்கட சனம் எதையும் தாங்கும்' எண்டு பெரியாக்கள் சொல்லுவினம். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் ஜாம் போத்தல் விளக்கில் படித்ததும், சைக்கிள் டைனமோவில் றேடியோ கேட்டதும் உண்மைதான். 2022இல் பெற்றோல் வரிசை நீண்டபோது நாங்களும் பழைய சைக்கிளைத் தூசுதட்டி எடுத்தோம். ஆனால் இந்தப் பெருமையில் எங்களுக்கு ஒரு பயமும் இருக்கிறது. அதே வருடம் ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவில் இருந்து ஒரேயடியாக 340 ரூபாவானது. சின்னப் படகுகளின் இயந்திரம் மனத்துணிவில் ஓடாது. சகித்துக்கொள்வது வேறு, ஆயத்தமாக இருப்பது வேறு.

ஆயத்தத்துக்கு உதாரணம் தேடித் தூரம் போகத் தேவையில்லை. சீவல் தொழிலாளி தனித்தனியாக ஆள் தேடாமல் கள்ளைக் கொடுக்க ஒரு சங்கம் இருக்கிறது. மீனவருக்கும் சங்கம் உண்டு. எங்கள் அம்மம்மாமார் கூப்பன் அரிசி எடுத்த சங்கக்கடையும் ஒரு திட்டமிடல்தான். குறைகள் அவற்றிலும் உண்டு. ஆனாலும் தனியாள் தாங்க முடியாத சுமையைப் பத்துப் பேராகப் பங்குபோட ஊருக்கு அவை வழி காட்டின. இன்றைக்கு அந்தச் சங்கங்களின் பொதுக்கூட்டத்தில் எங்கட வயசுக்காரரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

சந்தை பெரும்பாலும் நகரசபைக்கோ பிரதேச சபைக்கோ சொந்தம். கட்டணம் அறவிடும் உரிமையைச் சபைதான் குத்தகைக்கு விடுகிறது. 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தபின் இரண்டு வருடத்துக்கு மேலாகத் தெரிவான உறுப்பினர்கள் இல்லை. 2025 மே மாதத் தேர்தலுக்குப் பிறகு இப்போது கேள்வி கேட்க ஆள் இருக்கிறது. நாங்கள் கேட்க வேண்டியவை சின்னக் கேள்விகள்தான். சந்தைக் குத்தகையால் போன வருடம் எவ்வளவு வருமானம்? அதில் எவ்வளவு அந்தச் சந்தைக்கே செலவானது? நிலத்தில் இருந்து கீரை விற்கும் அம்மாவுக்கு நிழலும் மலசலகூடமும் உண்டா? சபையின் பொதுத் தராசு ஒன்றை ஏன் வைக்க முடியாது? பதில் வராவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. வருடக் கடைசியில் பாதீடு நிறைவேற முதலே கேட்க வேண்டும். பிறகு கேட்டால் ஒரு வருடம் போய்விடும்.

'பாஸ்போட்டைக் கையில வைச்சுக்கொண்டு சந்தையைப் பற்றிக் கதைக்கிறியளோ?' எண்டு நீங்கள் சிரிக்கலாம். எங்களிலும் வெளிக்கிட நிற்கிற ஆக்கள் இருக்கினம். அவையளின் அம்மா அப்பா நாளைக்கும் இதே சந்தையில்தான் மரக்கறி வாங்குவினம். இருக்கிற ஆக்களும் போகப்போகிற ஆக்களும் சேர்ந்து, ஒரு கொப்பியோட ஒரு விடியக்காலமை போவம். தராசுக்குப் பக்கத்தில நிண்டு, கழிவு எவ்வளவு எண்டு முதலில எழுதுவம்.