வேலை போனவர் கையில் புத்தகத்தைத் திணிக்காதீர்கள்

மும்பையில் மாட்டுங்காவிலோ செம்பூரிலோ ஒரு வீட்டில் வேலை போன செய்தி வெளியே கசிந்தால் போதும், அந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு மாமா வந்து உட்கார்ந்துவிடுவார். காபியை ஆற்றிக்கொண்டே, “எல்லாம் நல்லதுக்குன்னு நினைச்சுக்கோப்பா. இப்பதான் கையில டைம் இருக்கே, நாலு புஸ்தகம் படி, உன்னை டெவலப் பண்ணிக்கோ” என்பார். தாராவியில் பேச்சு கொஞ்சம் மாறும்: “சும்மா உக்காராத தம்பி, எதையாச்சும் படிச்சு முன்னேறப் பாரு.” சொல்கிறவர்களுக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. ஆனால் சொல்வது பொய். அதிலும், அடிபட்டவரையே குற்றவாளியாக்கும் பொய்.

நேரம் கிடைத்தால் படிப்பு தானாக வரும் என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். வியன்னாவுக்குப் பக்கத்தில் மரியந்தால் என்றொரு நெசவாலைக் கிராமம். 1930 வாக்கில் ஆலை மூடியதும் ஊரே வேலையிழந்தது. மாரி யஹோதா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் மூவரும் ஒரு குழுவோடு அங்கே போய் ஆராய்ந்து, 1933இல் நூலாக வெளியிட்டார்கள். ஊரில் தொழிலாளர் நூலகம் இருந்தது. வேலை இருந்த காலத்தில் வாங்கிய இரவல் கட்டணத்தைக்கூட பிறகு எடுத்துவிட்டார்கள். நாள் முழுக்க ஓய்வு, காசில்லாமல் புத்தகம். மாமாவின் கணக்குப்படி அலமாரி காலியாகியிருக்க வேண்டும். ஆனால் 1929க்கும் 1931க்கும் இடையில் இரவல் போன புத்தகங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. கையில் கடிகாரத்தோடு ஊர்க்காரர்களின் நடை வேகத்தையும் அளந்தார்கள். ஆண்கள் பெண்களைவிட மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். பெண்களுக்கு ஆலை வேலைதான் போனது, அடுப்படி வேலை போகவில்லையே!

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. லோக்கல் ரயிலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் நாவலோடு தாணேயிலிருந்து தாதர் வரை வருகிறவருக்கு ஒன்றாம் தேதி சம்பளம் நிச்சயம். அந்த நிச்சயம்தான் பக்கத்தைப் புரட்டுகிறது. வாடகையும் ஸ்கூல் ஃபீஸும் இ.எம்.ஐ.யும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தால் ஒரே பத்தியை எத்தனை முறை படித்தாலும் ஏறாது. தாராவியின் ஒற்றை அறை வீட்டில் பகலெல்லாம் புத்தகத்தோடு உட்கார இடம்தான் எங்கே?

உடனே அம்பேத்கரைக் காட்டுவார்கள். காட்டட்டும். புத்தகங்களுக்காகவே அவர் கட்டிய ராஜகிருகம் தாதர் இந்து காலனியில் இருக்கிறது, மாட்டுங்காவிலிருந்து நடந்தே போகலாம். ஆனால் அவர் கதையை முழுசாகச் சொல்ல வேண்டும். 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனது பரோடா சமஸ்தானத்தின் உதவித்தொகையில். 1917இல் உதவித்தொகை முடிந்ததும் அடுத்துத் தொடங்கியிருந்த லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்பினார். பரோடாவில் கிடைத்த உத்தியோகமும் சாதிக் கொடுமையால் நிலைக்கவில்லை. பம்பாய்க்கு வந்து பிழைப்புக்கு வழி தேடி, 1918இல் சிடனம் கல்லூரியில் பேராசிரியரானார். அந்தச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, கோலாப்பூர் சாஹு மகாராஜாவின் உதவியும் நண்பரின் கடனும் சேர்ந்த பிறகே 1920இல் மறுபடி லண்டன். இந்த நகரம் கண்ட மாபெரும் வாசகருக்கே பணம் நின்றபோது படிப்பு நின்றது. அவரைக் காட்டி, பி.எஃப். பணத்தில் காய்கறி வாங்குகிறவரிடம் “படி” என்பது என்ன நியாயம்?

பொய்யின் மறுபாதிதான் விஷம். நீ உன்னை வளர்த்துக்கொள்ளவில்லை, அதனால் வேலை போனது என்கிறது அது. கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் பழைய புத்தகம் விற்கிறவர்களிடம் தன்முன்னேற்ற நூல்களுக்குப் பஞ்சமே இல்லை. 1998இல் வந்த ‘ஹூ மூவ்ட் மை சீஸ்’ அவற்றில் பிரசித்தம். ஆள்குறைப்புக் காலத்தில் அமெரிக்கக் கம்பெனிகள் அதை மொத்தமாக வாங்கி ஊழியர்களுக்கு விநியோகித்தன. சீஸ் காணாமல் போனால் புதுசைத் தேடி ஓடு என்பது கதை. சீஸை எடுத்தது யார் என்ற கேள்வி தலைப்போடு சரி.

மும்பையில் அந்தக் கேள்வியை விடவே முடியாது. 1982 ஜனவரி 18 அன்று தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரும்ப உள்ளே போகவில்லை. ஃபீனிக்ஸ் மில் இருந்த லோயர் பரேல் நிலத்தில் இன்று மால் நிற்கிறது. தறியோட்டிகள் கூடுதலாக நான்கு புத்தகம் படித்திருந்தால் நிலத்தின் விலை இறங்கியிருக்குமா? 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் பறப்பதை நிறுத்தியபோது தெருவுக்கு வந்தவர்களில் விமானிகளும் லைசென்ஸ் பெற்ற எஞ்சினியர்களும் இருந்தார்கள். அவர்கள் எந்தப் புத்தகத்தைப் படிக்காததால் விமானங்கள் நின்றன?

படிப்பின்மேல் எனக்குப் பகை இல்லை. வேலை போன வாரத்தில் படிக்க வேண்டிய காகிதங்கள் வேறு என்கிறேன். ஒரு வருடம் தொடர்ந்து உழைத்த தொழிலாளியை ஆட்குறைப்புச் செய்தால், வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடு. 1947ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது, 2020ஆம் ஆண்டுத் தொழிலுறவுத் தொகுப்பிலும் தொடர்கிறது. கிராஜுவிட்டி தனி. ஈ.எஸ்.ஐ.யில் 2018இல் வந்த அடல் பீமித் திட்டம், வேலையிழந்த தகுதியுள்ளவர்களுக்கு அதிகபட்சம் 90 நாள் உதவித்தொகை தருகிறது. ராஜினாமா எழுதிக் கொடு என்று எச்.ஆர். கேட்டால் கையெழுத்துப் போடுமுன் இவற்றைத்தான் படிக்க வேண்டும். “நீயே விலகினாய்” என்று ஆகிவிட்டால் ஆட்குறைப்பு இழப்பீட்டைக் கேட்கவே வாதாட வேண்டிவரும்.

தாராவித் தோல் பட்டறையில் “நாளையிலேர்ந்து வராத” என்ற ஒரு வார்த்தையில் வெளியேறுகிறவருக்கு இதுவும் எட்டாது. அப்பாயின்ட்மென்ட் லெட்டர் இல்லை, சம்பளச் சீட்டு இல்லை, ஈ.எஸ்.ஐ. எண் இல்லை. உழைத்த வருடங்களை நிரூபிக்க, பக்கத்து மிஷினில் தைத்தவர் வந்து சாட்சி சொல்ல வேண்டும். சொன்னால் அவர் வேலையும் போகும்.