"பார்ப்போம்" என்னும் பதில்

முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் அரிப்பு, சிலாவத்துறைக் கரைகளிலிருந்து தோணிகள் நள்ளிரவில் புறப்பட்டன. தரைக்காற்று அப்பொழுதுதான் கிடைக்கும். நண்பகலை ஒட்டிக் கடற்காற்று எழுந்ததும் சுழியோடிகள் கரை திரும்புவர். எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கைத் தனதாக்கிக்கொண்ட வெள்ளைக்கார அரசாங்கம், காலை எட்டு மணிக்குக் கடலில் இறங்கு என்று எந்தச் சுழியோடிக்கும் கட்டளையிடவில்லை. இலாபம் கிடைக்கும் இடத்தில் கடிகாரம் காற்றுக்குக் கீழ்ப்படிந்தது.

இந்தப் பழங்கதையை நாம் கிளறுவதற்குக் காரணம் உண்டு. இன்று அதே மன்னாரில் ஓர் ஊழியர், "அரை மணி பிந்தி வந்து, அரை மணி பிந்திப் போகிறேன்" என்று விண்ணப்பித்தால், கடமை நேரம் ஏதோ வேதவாக்கு என்பதுபோல முகம் சுளிக்கின்றார்கள்.

நாம் நன்கறிந்த பெண் ஒருவர். ஊர் முருங்கன், வேலை மன்னார்ப் பட்டினத்தில், ஓர் அலுவலகத்தில். வீட்டில் மாமியார் படுத்த படுக்கை. அவருக்குக் காலை உணவும் மருந்தும் கொடுத்துவிட்டு, அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் பாலம் கடந்து வந்து சேர்வதற்குள் இருபது நிமிடம் பிந்திவிடும். மாலையில் இருந்து அதனை ஈடுசெய்வதாக எழுதிக்கொடுத்தார். "பார்ப்போம்" என்றார்கள். எட்டு மாதங்கள் கழிந்தன. மறுக்கவுமில்லை, அனுமதிக்கவுமில்லை. வரவுப் பதிவேட்டில் அவர் பெயருக்கு மேலே சிவப்புக் கோடு மட்டும் தவறாமல் விழுந்தது. இறுதியில் வேலையை விட்டார். "முடியாது என்று அன்றே சொல்லியிருந்தால், அன்றே வேறு வழி தேடியிருப்பேனே சேர்" என்று அவர் நம்மிடம் கூறியபோது நமக்குப் பதில் தோன்றவில்லை.

"முடியாது" என்றால் காரணம் சொல்லவேண்டும். "ஆம்" என்றால் எல்லோருக்கும் ஒரே நீதி வழங்கவேண்டும். "பார்ப்போம்" என்பதற்கோ இரண்டும் தேவையில்லை. அதன் நிழலில் செல்வாக்குள்ளவர் பத்து மணிக்கு வந்து மூன்று மணிக்குப் போகிறார். அவர் எவரிடமும் விண்ணப்பிப்பதில்லை. விண்ணப்பம் எழுதுபவர் நேர்மையானவர், தண்டனையும் அவருக்கே!

நிருவாகம் நடத்துவோரின் தொல்லையை நாம் அறியாதவரல்லர். காலை ஏழரைக்கு மணி அடித்தால் நாற்பது பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள். ஆசிரியர் எட்டு மணிக்கு வருவேன் என்று கேட்பது நடவாத காரியம். மருத்துவமனை விடுதியும் அப்படியே. ஒருவருக்கு இளகிய நேரத்தின் சுமை, குடும்பப் பொறுப்பில்லாதவர் என்று கருதப்படும் மற்றொருவர் தலையில் ஓசையின்றி ஏற்றப்படுவதையும் கண்டிருக்கிறோம். ஆகவே, கேட்டதெல்லாம் கொடு என்று நாம் வாதாட வரவில்லை. விண்ணப்பத்தைப் பெற்றுக்கொண்டதற்கு ஒரு கையொப்பம், முடிவுக்கு ஒரு திகதி, மறுப்பதாயின் எழுத்தில் ஒரு காரணம், ஐயம் இருந்தால் மூன்று மாதப் பரீட்சார்த்தம். இதற்குமேல் என்ன கேட்டோம்? பிரித்தானியாவில் 2003 இல் இளம் பிள்ளைகளின் பெற்றோருக்கும், 2014 இல் ஊழியர் பெரும்பாலோருக்கும் இவ்விதம் கேட்கும் உரிமை சட்டமாயிற்று. 2024 ஏப்ரல் முதல் வேலையிற் சேர்ந்த முதல் நாளே கேட்கலாம். இரண்டு மாதத்துக்குள் முடிவு சொல்லவேண்டும். நம் 1954 ஆம் ஆண்டுக் கடை, அலுவலக ஊழியர் சட்டமோ நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 45 மணி என்று எல்லை வகுத்தது. அது பெரிய காரியந்தான்; ஆனால் அந்த எட்டு மணி எங்கே தொடங்கவேண்டும் என்று கேட்கும் வாயை அது ஊழியருக்குக் கொடுக்கவில்லை.

பாலூட்டும் தாயை எடுத்துக்கொள்வோம். மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் அவளுக்கு ஒன்பது மணி நேரத்துக்குள் இரண்டு இடைவேளை தருகிறது. குழந்தைக் காப்பகம் இல்லாத இடத்தில் ஒவ்வொன்றும் ஒரு மணிக்குக் குறையக்கூடாது. குழந்தை முருங்கனில், தாய் பட்டினத்தில் என்றால் அந்த ஒரு மணி, பஸ்ஸைக் காத்து நிற்கவே போய்விடும். இரண்டையும் சேர்த்து மாலையில் தாருங்கள் என்று அவள் கேட்டால், சட்டம் தந்த நேரத்துக்கு மேல் அவள் ஒரு நிமிடமும் கேட்கவில்லை. இதற்கும் "பார்ப்போம்" தானா?

நேரத்தை மாற்றினால் உலகம் இடிந்துவிடும் என்போருக்கு 2022 ஜூன் மாதத்தை நினைவூட்டுகிறோம். எரிபொருள் தீர்ந்தது. அமைச்சரவை கூடிற்று. அரச ஊழியருக்கு மூன்று மாதத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வீட்டுத்தோட்டம் செய்யுங்கள் என்றார்கள். அத்தியாவசிய சேவைகள் விலக்கப்பட்டன. பெற்றோல் இல்லையென்றதும் நாடு முழுவதற்கும் வளைந்த நேரசூசி, படுக்கையில் கிடக்கும் ஒரு கிழவிக்காக இருபது நிமிடம் வளையாதாம்!

இவையாவும் மாதச் சம்பளக்காரர் கதை. விண்ணப்பம் எழுதத் தாளும் மேசையும் உள்ளவர் கதை. நண்டுச் சதை எடுக்கும் கொட்டில்களில் நாட்கூலிக்கு நிற்கும் நம் மாணவரின் தாய்மாரை என்னென்பது? அவர்களுடைய நேரம் ஏற்கெனவே நெகிழ்ந்துதான் இருக்கிறது, முதலாளியின் பக்கம் மட்டும். நண்டு மிகுதியாக வந்தால் இருட்டும்வரை நிற்கவேண்டும். வராவிட்டால் வாசலில் வைத்தே திருப்பி அனுப்புவார்கள், அன்றைக்குக் கூலியில்லை. பெற்றோர் கூட்டத்துக்கு ஏன் வரவில்லை என்று அவர்களில் ஒருத்தியை நாம் ஒருமுறை கடிந்துகொண்டதுண்டு. "நாளைக்கு வேலை இருக்கோ இல்லையோ எண்டு இண்டைக்கே சொன்னால் வருவன் சேர்" என்றாள். முதல்நாள் மாலை ஆறு மணிக்குள் ஒரு சொல். அதற்கு முதலாளிக்கு ஒரு சதமும் செலவில்லை.