சிலந்திக்குப் பேர் வைங்க, அட்ரஸ் போடாதீங்க

டிஸ்கி: எட்டுக்கால் பூச்சியைக் கண்டால் அலறி ஓடுகிறவர்களும் தைரியமா படிக்கலாம். படம் எதுவும் போடலை :-)

போர்னியோ தீவில் மலேசியாவைச் சேர்ந்த சரவாக் மாநிலம் இருக்கு. அந்த மழைக்காட்டில் இருந்து வந்த ஒரு டரான்டுலாவின் படத்தை நேத்து ராத்திரி ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டு இருந்தேன். கால் எல்லாம் மயில் கழுத்து மாதிரி பளபளன்னு நீலம். வீட்டில் ஒட்டடைக் குச்சியால் நாம் விரட்டுகிற ஜீவனுக்கு இப்படி ஒரு சொந்தமான்னு ஆச்சரியமா இருந்தது.

2019-ல் பிரிட்டிஷ் டரான்டுலா சொசைட்டியின் இதழில் இதைப் புது இனமாக, ஏன், புதுப் பேரினமாகவே விவரித்துப் பெயர் வைத்தார்கள். பிருப்பெஸ் சிமோராக்சிகோரம். வாயில் நுழையுதா? 'பிரு' என்றால் மலாய் மொழியில் நீலம். பின்பாதி, சிலந்தியைப் பிடித்து வந்தவர்களின் மூன்று பிள்ளைகளுடைய பெயர்களைச் சேர்த்துக் குழைத்தது.

பெயர் வந்த கையோடு வம்பும் வந்தது. இதைக் காட்டில் இருந்து எடுக்க நாங்கள் யாருக்கும் அனுமதி தரவே இல்லையே என்றது சரவாக் தரப்பு. காடு அவங்களுது, சிலந்தி அவங்களுது, விஷயம் மட்டும் கடைசியாகத்தான் அவங்களுக்குத் தெரிய வருது. என்ன கொடுமை இது!

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிடறேன். ஒரு சிலந்தியை 'விவரிப்பது' சாதாரண வேலை இல்லை. ஒரு மாதிரியை மூல மாதிரியா அறிவித்து, பத்திரமா சேர்த்து வைக்கணும். நுண்ணோக்கியில் மயிர், கண் வரிசை, இனப்பெருக்க உறுப்பு என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, ஏற்கனவே பெயர் உள்ள சொந்தக்காரர்களோடு ஒப்பிட்டு, 'இது வேற'ன்னு நிரூபிக்கணும். 1757-ல் ஸ்வீடனின் கிளெர்க் ஆரம்பித்து வைத்த கணக்கு, 2022 ஏப்ரலில்தான் ஐம்பதாயிரமாவது இனத்தைத் தொட்டது. அந்த உழைப்புக்கு ஒரு பெரிய வணக்கம்.

என் சண்டை வேற இடத்தில். விவரிப்பில் வழக்கமாக இன்னொன்றும் இருக்கும்: எங்கே பிடித்தது என்ற தகவல். சில சமயம் ஜிபிஎஸ் எண்ணோடு. அழகான சிலந்தி என்றால் அது விஞ்ஞானிக்கு மட்டும் தகவல் இல்லை, வியாபாரிக்கு வழிகாட்டி.

மிகையா சொல்றேன்னு நினைக்கறீங்களா? நம்ம பக்கத்து மாநிலக் கதை ஒண்ணு இருக்கு. சென்னையில் இருந்து மும்பை போகிற ரயில் பாதையில், ஆந்திராவில் குத்தி என்று ஒரு ஊர் வரும். அங்கே ரயில்வே மரக்கிடங்கில் கிடைத்த ஒற்றைச் சிலந்தியை வைத்து 1899-ல் ரெஜினால்ட் போகாக் விவரித்த இனம்தான் பீசிலோதீரியா மெட்டாலிகா. அதுவும் நீலம்தான், அப்படி ஒரு நீலம். ஆனால் அதற்கப்புறம் 102 வருஷம் யார் கண்ணிலும் படலை. ஏன்னா அட்ரஸ் தப்பு! மரக்கட்டையோடு ரயிலேறி வந்திருக்கும் என்பதுதான் கணிப்பு. 2001-ல் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் நடுவில் உள்ள காட்டில், குத்தியில் இருந்து சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி, மறுபடி கண்டுபிடித்தார்கள். அது வாழ்கிற இடம் மொத்தமே 100 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. 2008-ல் ஐயுசிஎன் அதை அழிவின் விளிம்பில் உள்ள இனம் என்று பட்டியலில் சேர்த்தது. சொன்ன காரணங்கள்: விறகுக்கு மரம் வெட்டுவது, செல்லப்பிராணி வியாபாரத்துக்குப் பிடிப்பது.

சிலந்தியை விட மோசமான கதை ஒரு பல்லியுடையது. தென்கிழக்குச் சீனாவின் கோனியூரோசாரஸ் லூயி. 1999-ல் விவரித்தார்கள். வெளிநாட்டுச் சந்தையில் ஒரு பல்லி 1,500 முதல் 2,000 டாலர் வரை விலை போனது. விவரிப்பில் சொன்ன அதே இடத்தில் ஒன்று கூட மிச்சமில்லாமல் வழித்து எடுத்துவிட்டார்கள் என்று 2006-ல் சயன்ஸ் இதழில் எழுதினார்கள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைஞ்ச கதை.

'அப்போ பேரே வைக்காம விட்டுடலாமா?' என்றால், கூடாது. பெயர் இல்லாத உயிரை எந்தச் சட்டப் பட்டியலில் சேர்ப்பது? 2019-ல் பீசிலோதீரியா பேரினம் முழுவதும் சர்வதேச வியாபாரக் கட்டுப்பாட்டுக்குள் வந்ததே பெயர் இருந்ததால்தான். 2023-ல் தாய்லாந்தில் ஒரு நீல டரான்டுலாவை விவரித்தபோது, அது ஏற்கனவே சந்தையில் விலை போய்க்கொண்டு இருந்தது. வியாபாரி பெயருக்காகக் காத்திருப்பதில்லை. (அந்தச் சிலந்திக்குப் பெயர் வைக்கும் உரிமையை ஏலம் விட்டு, வந்த பணத்தை லாஹு பழங்குடிப் பிள்ளைகளின் படிப்புக்கும் ஏழைப் புற்றுநோயாளிகளுக்கும் கொடுத்தார்கள். இது எனக்குப் பிடிச்சிருக்கு.)

பொட்டி தட்டுகிறவன் என்பதால் நான் பொதுவா 'எல்லாத்தையும் திறந்து வை' கட்சி. ஆனால் நிரலைத் திறந்து வைக்கிறவன் கூட பாஸ்வேர்டை அதிலேயே எழுதி வைக்க மாட்டான். சிலந்தி எப்படி இருக்கும், எதோடு சொந்தம், எதில் வித்தியாசம் என்பது நிரல். எந்த மரப்பொந்து என்பது பாஸ்வேர்ட். விலங்குப் பெயரிடல் விதிகளிலும் பிடித்த இடத்தைச் சொல்வது பரிந்துரைதான், கட்டாயம் இல்லை.

'நாளைக்கு அங்கே குவாரி வந்தா, மறைச்சு வெச்ச சிலந்திக்காக யார் கேஸ் போடுவாங்க?' நியாயமான கேள்வி. ரெண்டு நாள் யோசிச்சேன். எனக்குத் தோன்றியது இதுதான். துல்லியமான இடம் அருங்காட்சியகத்திலும் அந்தக் காட்டின் வனத்துறையிடமும் இருக்கட்டும். அந்தக் காட்டை ஒட்டி வாழ்கிற ஜனங்களுக்கும் தெரியட்டும். குவாரி வந்தால் முதலில் குரல் கொடுக்கப் போறது அவங்கதான். மத்தவங்களுக்கு மாவட்டம் வரைக்கும் போதும். கூடவே அனுமதிக் கடிதத்தின் எண்ணைக் காட்டாத கட்டுரையை இதழ்கள் வாங்கவே கூடாது. இதில் ஓட்டையே இல்லைன்னு சொல்ல வரலை. முனைந்து தேடுகிற திருடன் எப்படியும் கண்டுபிடிப்பான். அதுக்காகச் சாவியை வாசலில் தொங்கவிடணுமா என்ன?

சரவாக் சிலந்திக்குப் பேர் கிடைச்சாச்சு, சந்தோஷம். ஆனா பேர் வைக்கிற விழாவுக்குப் பிள்ளையோட வீட்டுக்காரங்களைக் கூப்பிட மறந்துட்டோம். அடுத்த சிலந்திக்காவது கூப்பிடுவோம்.

அட்ரஸை மறைப்பது தப்புன்னு நினைக்கிறவங்க பின்னூட்டத்தில் வந்து கும்முங்க. ஏன் தப்புன்னு சொல்லிட்டுக் கும்மினா இன்னும் நல்லது :-)